பதினாறரை மீட்டர்

இரண்டாம் பாதிக்கான விசில் ஊதிப் பந்து நடுவட்டத்தை விட்டு நகர்ந்த பிறகுதான் தமயந்தி அந்தக் கோட்டைப் பார்த்தாள். கோடு உள்ளே தள்ளிப் போயிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் பீரோவை யாரோ நகர்த்தியிருப்பதை உடம்பு முதலில் உணர்ந்துவிடும், எது மாறியது என்று கண் அப்புறம்தான் தேடும், அப்படித்தான் இருந்தது அவளுக்கு. பக்கக்கோட்டை ஒட்டி, துணை ரெஃப்ரியின் கொடியைத் தாழ்த்திப் பிடித்தபடி ஓடிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்று பெனால்டி பாக்ஸின் முன்கோட்டை உற்றுப் பார்த்தாள். புதுச் சுண்ணாம்பு. மழைக்குப் பிறகு போட்டது. இடைவேளைக்குச் சற்று முன்னால் அடித்த மழை பழைய கோட்டையெல்லாம் கரைத்துவிட்டது, புதிதாகப் போடத்தானே வேண்டும், அதில் என்ன தப்பு. தப்பில்லை. ஆனால் புதுக் கோட்டுக்கு வெளியே, நடுமைதானத்தின் பக்கமாக ஒன்றரை அடி தள்ளி, புல்லுக்கு நடுவில் பால் சிந்திக் காய்ந்ததுபோல வெளிறலாக இன்னொரு கோடு தெரிந்தது. தெரிந்ததா? கண்ணைச் சுருக்கினாள். ஓரிடத்தில் தெரிந்தது, ஓரிடத்தில் இல்லை. முதல் பாதி முழுக்க கோடு அங்கேதான் இருந்தது. அந்தக் கோட்டை வைத்துத்தான் அவள் பெனால்டி கொடுத்தாள். அவள்தான் கொடுத்தாள், ரெஃப்ரி இக்னேஷியஸ் தூரத்தில் இருந்தார், பவளத்தோட்டம் அணிப் பையன் ஒருவன் பந்தோடு பாய்ந்து வந்தபோது உப்பளமேட்டுக்காரன் அவன் காலை வாரிவிட்டது சரியாகக் கோட்டின் மேல், கோடு பாக்ஸைச் சேர்ந்தது, கோட்டின் மேல் நடந்த தப்பு பாக்ஸுக்குள் நடந்த தப்பு, கொடியை உயர்த்திவிட்டு மூலைக்கொடியைப் பார்த்து நடந்தாள், பெனால்டிக்கு அதுதான் சைகை, அவர் ஊதினார், கோல். ஒன்றுக்குப் பூஜ்யம். இப்போது அணிகள் பக்கம் மாறிவிட்டன. கொடி பிடிப்பவர்கள் மாறுவதில்லை, அவளுக்கு ஆட்டம் முழுக்க இதே பாதிதான். ஆக, முதல் பாதியில் பவளத்தோட்டம் தாக்கிய இந்தப் பாக்ஸை இப்போது அதே பவளத்தோட்டம் காக்கிறது. அவர்கள் தாக்கும்போது பெரிதாக இருந்த பாக்ஸ் அவர்கள் காக்கும்போது சிறிதாகிவிட்டது. அதை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

மைதானம் பவளத்தோட்டத்தாருடையது. கோடு போட்டதும் அவர்கள் ஆட்கள்தான். கிளப் செயலாளர் வேதாச்சலம் காலையில் அவளை வாசல் கேட்டிலேயே பிடித்து, "வாம்மா தமயந்தி, டிபன் சாப்டியா?" என்று கேட்டார். எதற்குக் கேட்டார்? எல்லாரையும்தான் கேட்டார். அந்தப் பக்கம் கொடி பிடிக்கிறவனையும் கேட்டிருப்பார். கேட்டிருப்பார் என்று அவளாகத்தான் நினைத்துக்கொள்கிறாள், காதால் கேட்கவில்லை. இடைவேளையில் நனைந்த சாக்ஸை மாற்ற ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டு அவள் திரும்பி வந்தபோது, ஷாமியானாவுக்குக் கீழே வேதாச்சலமும் இக்னேஷியஸும் கையில் டீ கிளாஸோடு தலைகள் முட்டிக்கொள்கிற மாதிரி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பேசி முடித்துவிட்டதால் நின்றதா, அவளைப் பார்த்ததால் நின்றதா? வேதாச்சலம் சிரித்தார். இக்னேஷியஸ் சிரிக்கவில்லை, கிளாஸைச் சாய்த்து டீயின் அடியில் எதையோ தேடினார். "மழ விட்டுடுச்சு, இல்ல?" என்றார் அவளிடம். மழை விட்டது அவளுக்குத் தெரியாதா? அந்த மனிதர் தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். இந்த ஃபைனலுக்கு அவள் பெயரைச் சொன்னதே அவர்தான், 'இதுல நல்லாப் பண்ணிட்டீன்னா அடுத்த சீசன்லேர்ந்து விசில் உன் கையில' என்று சொன்னதும் அவர்தான். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இப்போது யோசித்தால், ஏன் அவளை? எத்தனையோ பேர் இருக்கும்போது? நன்றி விசுவாசமாக இருப்பாள், பார்த்ததை வெளியே சொல்லமாட்டாள் என்றா? பந்து தலைக்கு மேலே பறந்தது. கால்கள் தாமாக ஓடின, கண் கடைசித் தடுப்பாட்டக்காரனைப் பிடித்தது, கொடி தானாக உயர்ந்தது. ஆஃப்சைடு. உப்பளமேட்டின் கேப்டன் லெனின், தாடியும் நெற்றியில் கட்டிய கறுப்புத் துணியுமாக இருக்கும் நெட்டையன், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவளைப் பார்த்துக் கத்தினான், "அக்கா, ஒழுங்காப் பாருக்கா!" ஒழுங்காகத்தான் பார்த்தாள். பார்க்கிறதைத் தவிர வேறென்ன தெரியும் அவளுக்கு.

அதுதான் வியாதியே என்பாள் தங்கை வனஜா. "உனக்கு யாரப் பாத்தாலும் சந்தேகம்க்கா. அந்த வேல உன்னக் கெடுத்து வச்சிருக்கு." ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில், ஜன்னலில்லாத அறையில், சுவர் நிறைய இருக்கும் கேமரா திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலை. யார் கை எங்கே போகிறது, யார் பை திறந்திருக்கிறது, யார் தேவையில்லாமல் திரும்பிப் பார்க்கிறார்கள். திருடுகிறவர்கள் துணியைப் பார்க்கமாட்டார்கள், ஆட்களைப் பார்ப்பார்கள். இது அவள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டது. ஆனால் ஆட்களைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் திருடுகிறவர்கள் இல்லை, அதைக் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆயிற்று. ஆடிக் கழிவு சமயத்தில் ஒருத்தி, ஊதாப் புடவை, பிளவுஸ் துணி அடுக்குக்கு முன்னால் நின்று நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு கை முந்தானைக்குள் போய் வெளியே வந்தது. தமயந்தி கீழே சொன்னாள். செக்யூரிட்டிப் பெண்கள் அவளைத் தனியே கூட்டிப்போனார்கள், தமயந்தியும் இறங்கிப் போனாள். ஒன்றும் இல்லை. முந்தானைக்குள் ஒரு இன்ஹேலர் இருந்தது, அவ்வளவுதான், மூச்சுத் திணறல்காரி, கூட வந்தவர்களைத் தேடியிருக்கிறாள். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. அவிழ்ந்த கொசுவத்தை நிதானமாக மடித்துச் செருகிக்கொண்டே, "பாத்தாச்சாமா? போவட்டுமா?" என்று கேட்டாள். தமயந்தியிடம்தான் கேட்டாள். யார் சொல்லி இது நடந்தது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்று வரைக்கும் புரியவில்லை. இப்போது போய் இக்னேஷியஸிடம், சார், கோட்டை மாத்திட்டாங்க என்று சொன்னால்? அந்த வெளிறல் மழைத்தண்ணீர் வழிந்த தடமாக இருந்தால்? இக்னேஷியஸும் அதேபோல நிதானமாக, பாத்தாச்சாம்மா என்று கேட்டால் அடுத்த சீசன் விசிலும் இல்லை, கொடியும் இல்லை. தடமாக இல்லாமல் நிஜமாகவே கோடாக இருந்து, அவரும் அதில் கூட்டாக இருந்தால்? அப்போது அவரிடம் போய்ச் சொல்வது, எனக்குத் தெரிந்துவிட்டது என்று திருடனிடமே போய்ச் சொல்வது. புதுச் சாக்ஸும் நனைந்துவிட்டது. கட்டைவிரல் இடுக்கில் மண் நறநறத்தது. ஆட்டம் ஒருமுறை நின்றது, ஒருவனுக்குத் தொடையில் பிடித்துக்கொண்டது, இக்னேஷியஸ் அவளிடமிருந்து கூப்பிடு தூரத்தில் வந்து நின்று தண்ணீர் குடித்தார். இப்போது சொல்லிவிடலாம். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஏன் திரும்பவில்லை? வழக்கமாக ஆட்டம் நின்றால் கொடிக்காரர்களை ஒரு பார்வை பார்ப்பார், கட்டைவிரலை உயர்த்துவார். இன்று இல்லை. அவள் வாயைத் திறந்தாள், அவர் விசிலை வாயில் வைத்தார், ஆட்டம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

காலையில் ஆட்டத்துக்கு முன்னால் மூன்று பேருமாக மைதானத்தைச் சுற்றி வந்தார்கள், அதை நினைத்தாள். வலையை இழுத்துப் பார்த்தார்கள், மூலைக்கொடிகளை ஆட்டிப் பார்த்தார்கள், கோல் கம்பங்களுக்கு நடுவே போகிற கோட்டின் அகலம் கம்பத்தின் அகலமே இருக்கிறதா என்றுகூட இக்னேஷியஸ் குனிந்து பார்த்தார். பதினாறரை மீட்டர். கோல் கோட்டிலிருந்து பாக்ஸின் முன்கோட்டுக்கு அவ்வளவுதான் இருக்கவேண்டும். அதை யாரும் டேப் வைத்து அளக்கவில்லை. யார் அளப்பார்கள்? பார்த்துப் பார்த்துக் கண் பழகிப் போயிருக்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். பரீட்சைக்குப் படித்த காலத்தில் அவளுக்கு ரொம்பப் பிடித்த விதி அதுதான், கோடு யாருக்குச் சொந்தம் என்கிற விதி. அவளும் வனஜாவும் குடியிருந்த லைன் வீட்டில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான குட்டைச்சுவரில் யார் துணி உலர்த்துவது என்று பக்கத்து வீட்டுக்காரியோடு வருஷக்கணக்கில் சண்டை, சுவர் யாருக்கும் இல்லாமல் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் நின்றது. இங்கே அந்தச் சண்டைக்கே இடமில்லை. கோடு தான் சூழ்ந்திருக்கும் இடத்துக்குச் சொந்தம். பந்து முழுசாகத் தாண்டினால்தான் வெளியே. இதைவிடத் தெளிவாக ஒரு விஷயம் உண்டா? ஆனால் இரண்டு கோடு இருந்தால் என்ன செய்யவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. கூட்டத்திலிருந்து ஒருவன், "லைன் அம்மா கனவு காணுது!" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மைதானத்தை ஒட்டிய பாலத்தின் மேல் மின்சார ரயில் போயிற்று. வேதாச்சலம் ஷாமியானாவை விட்டு எழுந்து கோலுக்குப் பின்னால், இந்தப் பாக்ஸுக்குப் பின்னாலேயே வந்து நிற்பதைப் பார்த்தாள். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அங்கே ஏன் வந்து நிற்கிறார்? ஜெயிக்கிற அணி மேல் டிவிஷனுக்குப் போகும், பவளத்தோட்டம் ஜெயித்துக்கொண்டிருக்கிறது, பதற்றத்தில் யாரும்தான் எழுந்து நடப்பார்கள். உப்பளமேடு இதற்கு முன்னாலும் ஃபைனல் வரைக்கும் வந்து தோற்ற அணி. லெனினுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது, இனி ஒரு தடவை அவனுக்கு இருக்காது, அது அவன் ஓடுகிற ஓட்டத்திலேயே தெரிந்தது.

அந்த ஓட்டம்தான். நடுவட்டத்திலிருந்து வந்த பந்தை நெஞ்சில் வாங்கி, ஒருவனைத் தாண்டி, இன்னொருவனைத் தாண்டி, லெனின் நேராகப் பாக்ஸைப் பார்த்து வந்தான். தமயந்தியும் கூடவே ஓடினாள். ஆஃப்சைடு இல்லை, இல்லை, இல்லை. பவளத்தோட்டத்தின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் சேற்றில் சறுக்கிக்கொண்டு வந்து காலை நீட்டினான், பந்து ஒரு பக்கம் போயிற்று, லெனின் முகம் குப்புற விழுந்தான். கால் பட்ட இடம் அவள் கண்ணில் ஆணி அடித்ததுபோல நின்றது. வெளிறலான கோட்டுக்கு உள்ளே. புதுக் கோட்டுக்கு வெளியே. இரண்டுக்கும் நடுவில், சரியாக அந்த ஒன்றரை அடிக்குள்ளே. கொடியை உயர்த்தினாள், அது ஃபவுல், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மூலைக்கொடியைப் பார்த்து நடக்கவேண்டுமா, நிற்கவேண்டுமா? கால் நகரவில்லை. "பெனால்டி! பெனால்டி!" என்று உப்பளமேடு மொத்தமும் கத்தியது. இக்னேஷியஸ் விசிலை ஊதிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு அவளிடமே ஓடி வந்தார்.

"உள்ளயா, வெளியவா?"

"எந்தக் கோட்டுக்கு சார்?"

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. "என்ன கேள்வி இது?"

"புதுக் கோட்டுக்கு வெளிய. பழைய கோட்டுக்கு உள்ள. இடைவேளையில கோட்டத் தள்ளிப் போட்டுருக்காங்க சார். பாருங்க, அங்க தடம் தெரியுது."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் லெனின் அதற்குள் எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். "இன்னாது, கோட்டத் தள்ளிப் போட்டாங்களா? சார், இன்னா சார் நடக்குது இங்க?" அவ்வளவுதான், இரண்டு அணியும் பாக்ஸுக்குள் வந்துவிட்டது, ஒருவர் நெஞ்சில் ஒருவர் கைவைத்துத் தள்ளினார்கள், தடம் இருந்த இடத்தையெல்லாம் பூட்ஸ்கள் மிதித்துக் குழப்பின. மிதிக்கிறார்கள், வேண்டுமென்றே மிதிக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது, உப்பளமேட்டுக்காரர்களும்தான் மிதித்தார்கள். இக்னேஷியஸ் கையை உயர்த்தினார். கோபப்படவில்லை. குரல்கூட உயரவில்லை. "டேப் எடுத்தாங்க" என்றார். அந்த நிதானம்தான் அவளை முதலில் பயமுறுத்தியது. வேதாச்சலம் கோலுக்குப் பின்னாலிருந்து தானே டேப்போடு வந்தார், அவர் பேன்ட் பாக்கெட்டிலேயே இருந்தது டேப். ஒரு முனையைக் கோல் கோட்டில் பவளத்தோட்டம் கேப்டன் பிடித்தான், மறுமுனையை லெனின் முழங்காலிட்டுப் புதுக் கோட்டின் வெளி ஓரத்தில் வைத்தான். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். லெனின் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "பதினாறர" என்றான், வேண்டாத ஒன்றைச் சொல்வதுபோல. இன்னொரு தடவை இழுத்துப் பிடித்துப் பார்த்தான். பதினாறரைதான். கோடு சரி.

"பழைய கோடுன்னு எதுவும் இல்ல" என்றார் இக்னேஷியஸ் எல்லாருக்கும் கேட்கும்படி. "அது மழத்தண்ணி ஓடுன தடம். ஃப்ரீ கிக். போங்க, போங்க, பந்த வைங்க." லெனின் அவளைப் பார்த்தான், கொஞ்ச நேரத்துக்கு அவனுக்கு ஒரு ஆசையைக் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டவளைப் பார்ப்பதுபோல. கூட்டத்தில் ஒருவன், கொடி பிடிக்கத் தெரியாதவளெல்லாம் எதுக்கு வர்றா என்றான். தப்பாகச் சொல்லிவிட்டேன், மறுபடியும், மறுபடியும் ஒன்றும் இல்லாத இடத்தில் கைவிட்டுத் தேடிவிட்டேன். புதுக் கோடு சரியாக இருக்கிறது, எல்லாரும் நல்லவர்கள், நான்தான். அந்த நினைப்பு அப்படியே ஒரு சுற்று சுற்றிவிட்டு ஓரிடத்தில் தட்டி நின்றது. புதுக் கோடு சரி என்றால் முதல் பாதிக் கோடு தப்பு. அவள் அதை யோசிக்கவே இல்லை; தான் பெனால்டி கொடுத்த கோடு தப்பாக இருக்கும் என்று ஒரு கணம்கூட அவளுக்குத் தோன்றவில்லை, அவள் சந்தேகப்படாமல் விட்ட ஒரே ஆள் அவளேதான். அது பாக்ஸுக்கு வெளியே நடந்த ஃபவுல். அந்த கோல் வெறும் ஃப்ரீ கிக்காக இருந்திருக்க வேண்டியது. இக்னேஷியஸ் பந்தை வைக்கும் இடத்தைக் காட்டிவிட்டுத் திரும்புகையில் அவள் பக்கக்கோட்டை விட்டு இரண்டடி உள்ளே போய் அவரை மறித்தாள்.

"அது தண்ணி ஓடுன தடம் இல்ல சார்."

அவர் சுற்றிலும் பார்த்தார். "இல்ல. நான்தான் மாத்திப் போடச் சொன்னேன். முன்னாடி போட்டது ஒன்னர அடி வெளிய இருந்துச்சு. பாக்ஸ் முன்னால வளைவு இருக்குல்ல, கோடு வெளிய வந்ததுல அது ஒல்லியாத் தெரிஞ்சுது, அதுலதான் கண்டுபுடிச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன் கொடியிலதான் அது விழுந்துச்சு. தெரிஞ்சா உடஞ்சு போயிருவ, ரெண்டாவது பாதி கொடி புடிக்கமுடியாதுன்னு நெனச்சேன்."

நல்ல வார்த்தை. அக்கறையான வார்த்தை. அவளுக்கு அழுகை வந்தது, வந்த வேகத்திலேயே நின்றது. பாக்ஸின் முன்னால் இருக்கும் அந்த வளைவை ஒரு ரெஃப்ரி எப்போது உற்றுப் பார்ப்பார்? பெனால்டி உதைக்கும்போதுதான். உதைக்கிறவனையும் கோல்கீப்பரையும் தவிர எல்லாரும் அந்த வளைவுக்கு வெளியே நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் விசில் ஊதவேண்டும். ஆட்டம் மறுபடி தொடங்கும்வரை ரெஃப்ரி தன் முடிவை மாற்றலாம். தொடங்கிவிட்டால் மாற்ற முடியாது.

"எப்ப பாத்தீங்க சார்? ஒதைக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவர் அவளைப் பார்த்தார். ஷாமியானாவைப் பார்த்தார். ஒரு மூச்சு இழுத்து விட்டார். "பின்னாடிதான்" என்றார். "ஆட்டம் முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம். நீ உன் எடத்துக்குப் போ."

போனாள். பின்னாடிதான். அதைச் சொல்ல ஒரு மூச்சு எதற்கு? உண்மைக்கு மூச்சு வேண்டாமா என்ன, உண்மை பேசுகிறவர்களும் மூச்சு விடத்தானே செய்வார்கள். களைத்துப் போயிருக்கிறார், ஐம்பது தாண்டிய மனிதர். முதலில் யார் அதைத் தப்பாகப் போட்டார்கள் என்று அவர் கேட்டாரா? ஏன் கேட்கவில்லை? கேட்டிருப்பாரோ, அதைத்தான் டீ கிளாஸோடு கேட்டுக்கொண்டிருந்தாரோ? கோட்டை முதலில் தள்ளிப் போட்டவன் வெறுமனே அளவு தெரியாதவனாக இருக்கலாம். தெரிந்தவனாகவும் இருக்கலாம். எந்தக் கதவைத் திறந்தாலும் இன்னொரு கதவு இருந்தது. லெனின் ஃப்ரீ கிக்கை உதைத்தான், பந்து சுவர்போல நின்றவர்களின் தலைக்கு மேலே எழும்பிக் குறுக்குக் கம்பத்தையும் தாண்டிப் போய் வேதாச்சலத்துக்குப் பின்னால் இருந்த வேலியில் மோதியது. கொஞ்ச நேரத்தில் கடைசி விசில். பவளத்தோட்டத்துக்காரர்கள் ஒருவன் மேல் ஒருவன் விழுந்தார்கள், எங்கிருந்தோ பறை சத்தம் கிளம்பியது. கொடியைச் சுருட்டினாள். ரெஃப்ரிகள் மூவரும் நடுவில் கூடிக் கைகுலுக்கவேண்டும், அதுதான் வழக்கம். இக்னேஷியஸ் அங்கே நின்று, "தமயந்தி, இங்க வா" என்று கூப்பிட்டார். கேட்டது. கால் வேறு பக்கம் போயிற்று. வனஜா பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாள். போகாதே, இது உறுதியாகத் தெரிந்ததா உனக்கு என்பாள். எது உறுதி? யார் திருடன் என்பது தெரியாது, தெரியவும் போவதில்லை. கோடு தப்பு, அது தெரியும். அந்தக் கோட்டில் நின்று கொடியைத் தூக்கியது யார் என்பது தெரியும்.

லெனின் கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து கால்காப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"லெனின், மொதப் பாதியில நான் குடுத்தது பெனால்டி இல்ல" என்றாள். "கோடு தப்பா இருந்துச்சு. ஒன்னர அடி வெளிய. இடைவேளையில சரிபண்ணிட்டாங்க. அது பாக்ஸுக்கு வெளிய நடந்த ஃபவுல்."

அவன் கை நின்றது. மெதுவாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கோபத்தை எதிர்பார்த்திருந்தாள், அது இல்லை.

"இத்தன நேரம் வாயத் தொறக்கல. எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து சொல்ற." அவன் கண் அவள் முகத்தில் இடமிடமாகத் தேடியது. "யாருக்கா உன்ன அனுப்புனது?"

"யாரும் அனுப்பல."

"ரெஃப்ரியா?"

"இல்ல."

"வேதாவா? நாங்க புகார் குடுத்து, கத்தி, சண்ட போட்டு, ஒரு வருசம் ஆடக்கூடாதுன்னு தடை வாங்கணும், அதுக்கா?"

"நானாத்தான் வந்தேன், லெனின்."

அவன் தலையாட்டினான், நம்பாதவர்கள் ஆட்டுகிற மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவனிடம் என்ன சொல்லி நம்ப வைப்பது? அவன் இடத்தில் அவள் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டாள். நம்பாதவனிடம் இன்னும் ஒரு தடவை சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. "அது பெனால்டி இல்ல" என்றாள் மறுபடியும், இந்தத் தடவை சத்தமாக, பக்கத்தில் புல்லில் மல்லாந்து கிடந்த உப்பளமேட்டுப் பையன்கள் தலையைத் தூக்கிப் பார்க்கும்படி. லெனின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "டேய், எல்லாரும் இங்க வாங்கடா" என்றான், கண்ணை அவளைவிட்டு எடுக்காமலே. "அக்கா ஏதோ சொல்லுது. எல்லாரும் கேளுங்க." சேறும் வியர்வையுமாக அவளைச் சுற்றி நின்றார்கள். அவர்கள் தோள்களுக்கு மேலே, நடுவட்டத்திலிருந்து இக்னேஷியஸ் அவர்களைப் பார்த்து நடந்து வருவது தெரிந்தது, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல். அவர் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டால் தேவலை என்று பட்டது. வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

"சொல்லுக்கா" என்றான் லெனின்.

"இரு. அவரும் வரட்டும்."

இக்னேஷியஸ் வந்து நின்றார். தமயந்தி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே முதலிலிருந்து சொன்னாள்.